ஈஜிபுராவில் வானத்தை மறைத்தவர்கள் கோபுரம் கட்டுகிறார்கள்

பெங்களூரு நகரை உயரத்திலிருந்து கண்டு மகிழ்வதற்கென்று 250 மீட்டர் உயரத்தில் ‘ஸ்கைடெக்’ எனும் கோபுரம் எழுப்ப 2024 ஆகஸ்டில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ஏறத்தாழ 500 கோடி ரூபாய். அப்போது துணை முதலமைச்சராக இருந்த டி.கே.சிவகுமார் முன்னின்று நடத்திய திட்டம் இது. நகரின் எல்லையில் ஹெம்மிகேபுரா என்று அப்போது இடமும் குறிக்கப்பட்டது. உலகத்தரம், சுற்றுலா, பெருமிதம் என்று வழக்கமான முழக்கங்கள் எழுந்தன. அந்த உச்சியில் ஏறி நின்றால் தெரியப்போகும் நகரத்தை யார் கட்டினார்கள், கட்டியவர்கள் எங்கே தூக்கி எறியப்பட்டார்கள் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

அதற்கு ஈஜிபுராவைப் பார்க்க வேண்டும். கோரமங்களாவை ஒட்டிய இப்பகுதியில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி 1990களின் தொடக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. அங்கே குடியேறியவர்களில் கணிசமானோர் தமிழ் பேசும் தலித்துகள். சாலை போட்டவர்கள், குப்பை அள்ளியவர்கள், கோரமங்களா வீடுகளில் பாத்திரம் துலக்கியவர்கள். ஒப்பந்ததாரர்கள் கட்டிய கட்டடமோ பத்து, பதினைந்து ஆண்டுகள்கூடத் தாங்காமல் இடிந்து விழத் தொடங்கியது. இடிந்த வீடுகளுக்குப் பதிலாகத் தகரக் கொட்டகைகள் வந்தன. பிறகு வந்தது பொது-தனியார் கூட்டு. கருடா மால் புகழ் மாவெரிக் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துடன் மாநகராட்சி ஒப்பந்தம் செய்தது. நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடு. ஏறத்தாழ மறுபாதியில் வணிக வளாகம். ஏழைகளுக்கென ஒதுக்கிய பொது நிலத்தில் மால் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, இடிக்கும் இயந்திரங்களே பதிலாக வந்தன.

2013 ஜனவரியில், உயர்நீதிமன்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, காவல்துறை சூழ, சுமார் 1,500 வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. 5,000க்கும் மேற்பட்ட மக்கள் தை மாதக் குளிரில் தெருவுக்கு வந்தார்கள். அன்று ஆண்டது பாஜக. சில மாதங்களில் காங்கிரஸ் வந்தது. ஆட்சி மாறியது, நடைபாதை மாறவில்லை. அந்த நிலத்தைச் சுற்றி எழுப்பிய வேலியின் ஓரத்திலேயே பிளாஸ்டிக் தாள்களுக்கு அடியில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. எதிரே, 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் வசதி படைத்தோர் வசமான அடுக்ககங்களின் பால்கனிகள். அங்கிருந்து பார்த்தால் இவர்கள் தெரிவார்கள். இவர்கள் நிமிர்ந்து பார்த்தால் வேலியும் பால்கனிகளும் தெரியும்.

வீடே இல்லாதவர்களுக்கு நகரக் காட்சி ஒரு கேடா என்று சிலர் கேட்கக்கூடும். ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு, கண் கிடையாது என்று எண்ணுவோரின் கேள்வி இது. பத்து மணிநேரம் சாரத்தில் நின்று கண்ணாடிக் கோபுரத்தை எழுப்பியவர், அது திறந்த மறுநாள் அதன் வாசலில் காவலாளியால் விரட்டப்படுகிறார். மாலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காற்றாட ஓர் உயரமான இடத்தில் அரைமணி நேரம் நிற்பது அவருக்கு மட்டும் ஆடம்பரமா? குடியிருப்புக்கான உரிமையும் பொது இடத்துக்கான உரிமையும் ஒரே நிலத்தில்தான் வேர் பிடித்திருக்கின்றன. அந்த நிலத்தை விழுங்குபவர்களும் ஒரே கூட்டம்தான்.

காசில்லாமல் நகரைப் பார்க்க இன்று எங்கே போவது? லால்பாக் பாறை இருக்கிறது. சுமார் 300 கோடி ஆண்டுப் பழைமையுடையது. கெம்பேகவுடா பெயரில் ஒரு கோபுரம் அதன்மேல் நிற்கிறது. ஆனால் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம். காலையில் நடைப்பயிற்சி நேரத்தில் இலவசம் என்பார்கள். ஈஜிபுராவின் பெண்கள் அடுத்த வீட்டுச் சமையலறையில் நிற்கும் நேரம் அது. மொட்டைமாடி உணவகங்களில் பார்க்க மட்டும் காசில்லை. உட்கார்ந்தால் ஒரு காபியின் விலை அரைநாள் கூலியைத் தின்றுவிடும். ஈஜிபுராவிலேயே ஒரு மேம்பாலம் எழுகிறது. 2017இல் தொடங்கி, ஒப்பந்ததாரர் மாறி, வெறும் தூண்களாக ஆண்டுக்கணக்கில் நின்ற பாலம். முடிந்தாலும் அது வண்டிகளுக்கே. காலால் நடப்பவர் அதன் நிழலில் நடந்துகொள்ளலாம்.

வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. டோக்கியோ மாநகர அரசின் தலைமையகக் கட்டடத்தில், 45ஆவது மாடியில், 202 மீட்டர் உயரத்தில் காட்சிமாடம் இருக்கிறது. மக்கள் கட்டணமின்றி ஏறிப் பார்க்கிறார்கள். நிதிமூலதனத்தின் கோட்டையான லண்டனில்கூட, பென்சர்ச் தெருவின் வானளாவிக்கு அனுமதி தரும்போது உச்சியில் பொதுமக்களுக்குத் தோட்டம் வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். முன்பதிவு, பாதுகாப்புச் சோதனை என்று அதையும் பாதி மூடிவைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை. ஜப்பானிலும் பிரிட்டனிலும் நடப்பது சோசலிசம் அல்ல. முதலாளித்துவ அரசுகளிடமிருந்தே பெறக்கூடிய இந்தக் குறைந்தபட்சத்தைக்கூடக் கர்நாடக ஆட்சியாளர்கள் தரத் தயாரில்லை.

பெங்களூருவிலோ புதிய கோபுரமே தேவையில்லை. மகாத்மா காந்தி சாலையில் 1973 முதல் நிற்கும் 25 மாடிப் பொதுப்பயன்பாட்டுக் கட்டடம் மாநகராட்சிக்குச் சொந்தமானது, மக்கள் பணத்தில் எழுந்தது. ஒருகாலத்தில் அதன் உச்சியில் உணவகமே நடந்தது. லிஃப்ட் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது. பாதுகாப்பு வேலிகளைச் சரிசெய்து உச்சியை மாலை நேரத்தில் கட்டணமின்றித் திறந்துவிட 500 கோடி வேண்டாம். லால்பாக்கின் நுழைவுக் கட்டணத்தை நீக்க ஓர் அரசாணை போதும். ஸ்கைடெக்குக்கு ஒரு ரூபாய் செலவிடுவதற்கு முன், ஈஜிபுராவிலிருந்து விரட்டப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒதுக்கீட்டுக் கடிதம் உள்ளவர், வாடகைக்கு இருந்தவர் என்று பிரிக்காமல், எந்த வீடு, எந்த நாளில் கிடைத்தது என்ற முழுப்பட்டியலை அரசு வெளியிட வேண்டும். அந்த நிலத்தில் ஒரு சதுர அடியும் வணிக வளாகத்துக்குப் போகக் கூடாது.