சங்கத்துப் பைல்களை எதில் தேடுவது?

எங்கட ஊர் மாதர் சங்கத்துக்கு அம்மாதான் செயலாளர். போன லீவுக்கு வீட்ட போனபோது ஒரு அலுமாரி நிறையப் பைல்களைக் காட்டி, "கம்பசில படிக்கிறாய்தானே, பேரைச் சொன்னா கடிதம் வாற மாதிரி ஏதும் செய்து தா" என்றா. நான் படிப்பது வரலாறு. அம்மாவுக்கு அது ஒரு பொருட்டேயில்லை.

எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி இலவச ஏஐ தளம் ஒன்றில் ஏற்றிவிடச் சொன்னான் நண்பன். தமிழிலேயே கேள்வி கேட்கலாமாம். நானும் ஏற்றத்தான் இருந்தேன். முதல் பைலில் இருந்த கடன் விண்ணப்பங்களை வாசித்த பிறகு கை வரவில்லை. 'காசு எதற்கு' என்ற இடத்தில் ஒராள் மகளின் சத்திரசிகிச்சை பற்றி எழுதியிருக்கிறா. இன்னொராள், நுண்கடன் கொம்பனிக்காரர் வாசலில் வந்து நிற்பதைப் பற்றி. அவ எங்கட ஒழுங்கைதான், எனக்கே தெரியாது. சங்கத்தை நம்பி எழுதின கடிதங்களை எங்கேயோ இருக்கிற சேர்வருக்கு அனுப்ப எங்களுக்கு என்ன உரிமை? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதுதான். அது இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.

ஆகவே என் தெரிவு ரிகோல். திறந்த மூல மென்பொருள். இணையமே இல்லாமல், கணினிக்குள் இருக்கிற பைல்களில் சொல்லைத் தேடும். ஏஐ போல விளக்கமெல்லாம் சொல்லாது, எந்தப் பைலில் இருக்கு என்று காட்டும். சங்கத்துக்கு அது காணும்.

கஷ்டம் தமிழில்தான். பழைய கடிதங்கள் பாமினியில் தட்டினவை. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. யூனிகோட்டில் 'காணி' என்று தேடினால் ஒன்றும் வராது, முதலில் மாற்றவேணும். 'கூட்டம்' என்று தேடினால் 'கூட்டத்தில்' அகப்படாது. 'கூட்ட' என்று தட்டி உடுக்குறி போடவேணும். ஸ்கான் பண்ணின அச்சுத் தமிழை டெசராக்ட் ஓரளவு வாசிக்கும். கையெழுத்துக்கு அதை நம்ப ஏலாது. அந்த விண்ணப்பங்களுக்குப் பெயரையும் திகதியையும் பைல் பெயராக நானே இருந்து தட்டினேன், மூன்று பின்னேரம். ஏஐ இதைச் சுகமாக்கியிருக்கும், உண்மைதான்.

உங்கட சங்கத்துக்கும் ஆராவது மென்பொருள் விற்க வந்தால், ஒரு பாமினிக் கடிதத்தையும் ஒரு கையெழுத்துக் கடிதத்தையும் குடுத்துத் தேடிக் காட்டச் சொல்லுங்கோ. அவையள் கொண்டுவாற மாதிரிப் பைல் எப்பவும் ஆங்கிலத்திலதான் இருக்கும்.

இப்ப பிரச்சினை வேற. நிர்வாகசபையில எல்லாருக்கும் இதைப் போட்டுத் தரட்டாம். கூட்ட அறிக்கைகள் என்றால் தாராளமாகத் தரலாம். கடன் பைல்கள் செயலாளரின்ர லப்டொப்பில, கடவுச்சொல் போட்டுப் பூட்டின இடத்தில மட்டும் இருக்கவேணும் என்பது என் கருத்து. அலுமாரிக் காலத்தில பக்கத்து வீட்டுக்காரியின்ர கடிதத்தைப் பார்க்கிறதென்றால் அம்மாவிட்டத் திறப்புக் கேக்கவேணும், ஏன் எண்டும் சொல்லவேணும். இதில பேரைத் தட்டினால் போதும்.

அடுத்த கூட்டத்தில இதைச் சொல்லப்போறன். தலைவி அன்ரிக்குக் கோவம் வரும். வரட்டும்.