எல்லார் கையும் நீளும் தட்டு

அண்மைக் காலமாக இளையவர்கள் வீட்டு விருந்துகளில் ஒரு மரப்பலகை வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. பிறந்தநாள், புது வீடு, வேலை உயர்வு, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, எதுவானாலும் நடு மேசையில் அந்தப் பலகைதான். அதில் சீஸ் துண்டுகள், மெல்லியதாகச் சீவிய இறைச்சி, திராட்சை, பிஸ்கட், பாதாம், சின்னக் கிண்ணத்தில் தேன். பெயரைக் கேட்டால் 'சார்குட்டரி போர்டு' என்கிறார்கள். "படம் பிடிக்க அழகாத்தான் இருக்கு, பசிக்கு என்ன இருக்கு?" என்று பெரியவர்கள் முணுமுணுப்பதும் காதில் விழுகிறது.

கேமரன் மலை, கம்போங் ராஜாவில் இருக்கும் என் அண்ணி சென்ற மாதம் அழைத்தார். "சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பேரு தேத்தண்ணிக்கு வர்றாங்க. நான் வடை சுட்டு, மீ பிரட்டி முடிக்கிறதுக்குள்ள அவங்க கிளம்பிடுவாங்க. அந்தப் பலகை நமக்குச் சரியா வருமா?"

"நல்லா வரும் அண்ணி. ஆனா கடையில இருக்கிற மாதிரி இல்ல, நம்ம வீட்டுக்கு ஏத்த மாதிரி வைக்கணும்" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

நமக்குப் புதிதல்ல

'சார்குட்டரி' பிரெஞ்சுச் சொல். இறைச்சி, சமைத்தது என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியை, பெரும்பாலும் பன்றி இறைச்சியை, உப்பிட்டும் புகையூட்டியும் உலர்த்தியும் கெடாமல் வைத்த தொழிலுக்கு அந்தப் பெயர். அதை விற்றவர்களுக்குப் பிரான்சில் 15ஆம் நூற்றாண்டிலேயே தனிச் சங்கம் இருந்தது.

இதே வேலையை நம் பாட்டிமாரும் செய்தார்கள். ஆட்டிறைச்சியைத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம் நம்முடைய சார்குட்டரிதான். கருவாடு, வற்றல், வடகம், ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் அந்தக் குடும்பம்தான். பலகைக்கு வேண்டிய அறிவு நம் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் ஆள், பிறகு பலகை

கடைக்குப் போவதற்கு முன் வருகிறவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அண்ணியின் பட்டியல் இது: சனிக்கிழமை சைவம் சாப்பிடும் என் அம்மா, பக்கத்து வீட்டு மலாய் ஆசிரியையும் அவர் கணவரும், மாட்டிறைச்சி தொடாத சீன நண்பர் குடும்பம், மாசமாக இருக்கும் ஓர் உறவுப் பெண், மூன்று வயதில் ஒரு வாண்டு. நம் நாட்டில் எந்த வீட்டு விருந்தும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கடைப் பலகையை அப்படியே வைத்தால் இவர்களில் பாதிப் பேர் கை நீட்ட மாட்டார்கள். யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். "பரவாயில்ல, வரும்போதுதான் சாப்பிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே தேநீரோடு நிறுத்திக்கொள்வார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டுப் பசியோடு ஒருவர் திரும்பிப் போவதைவிட வீட்டுக்காரருக்கு வேறு என்ன வருத்தம் வேண்டும்?

அதனால் இரண்டு தட்டுகள் வையுங்கள். பெரியது சைவம், சிறியது அசைவம். இரண்டுக்கும் தனித்தனிக் கத்தி, இடுக்கி. அசைவத் தட்டில் பன்றியும் வேண்டாம், மாடும் வேண்டாம். ஹலால் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சியில் செய்த உப்புக்கண்டம், ஜாக்கிம் முத்திரையுள்ள கோழி அல்லது வான்கோழி ஹேம் போதும். பிஸ்கட், ஜெல்லி மிட்டாய்களிலும் அந்த முத்திரையைப் பாருங்கள்.

சைவத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல சீஸ் வகைகளில் பாலை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ எப்போதும் அப்படித்தான் செய்யப்படுகிறது. நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட் என்று உறையில் இருந்தால் சைவர்களுக்குப் பிரச்சினை இல்லை. சந்தேகமே வேண்டாம் என்றால் வீட்டிலேயே பனீர் செய்யுங்கள். ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் கிடைக்கும். அழுத்தி, துண்டு போட்டு, மிளகு, சீரகம், உப்பு, கொஞ்சம் எண்ணெயில் பிரட்டி வையுங்கள். அண்ணி வீட்டில் முதலில் தீர்ந்தது அதுதான்.

கம்போங் ராஜாவிலேயே கிடைப்பவை

சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வருகிறவர்களுக்குக் கேமரன் மலையின் முதல் ஊர் கம்போங் ராஜா. ஒரு பக்கம் புளூ வேலி தேயிலைத் தோட்டம், மறுபக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். செர்ரி தக்காளி, ஜப்பானிய வெள்ளரி, குடைமிளகாய், ஸ்ட்ராபெரி, இனிப்புச் சோளம், சக்கரவள்ளிக் கிழங்கு எல்லாம் அக்கம்பக்கத்திலேயே கிடைக்கும். வெளிநாட்டுத் திராட்சையைத் தேடி அலைய வேண்டாம்.

சக்கரவள்ளியை அவித்து ஆறவைத்து வட்டமாக நறுக்கினால் ரொட்டிக்குப் பதிலாகும். அதன் மேல் பனீரும் ஒரு துளி தேனும் வைத்துப் பாருங்கள். மொறுமொறுப்புக்கு முறுக்கும், ஈப்போ புந்தோங்கில் நம்மவர்கள் தயாரிக்கும் கச்சாங் பூத்தேயும் இருக்கின்றன. இந்த மலையின் பனியையும் மழையையும் நம்பி உப்புக்கண்டம் காயவைக்க முடியாது. அதைக் கீழேயிருந்து வரும் உறவினர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சுவைக் கணக்குக்கு வெளிநாட்டு வழிகாட்டி தேவையில்லை, அறுசுவை போதும். உப்புக்குக் கண்டமும் சீஸும், புளிப்புக்கு மாங்காய் ஊறுகாய் அல்லது அச்சார், காரத்துக்குக் கச்சாங் பூத்தே, இனிப்புக்குத் தேனும் பேரீச்சையும், கசப்புக்குப் பாகற்காய் வற்றல். துவர்ப்பைத் தேநீர் பார்த்துக்கொள்ளும். 1929இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கிய போ நிறுவனம் முதல் எத்தனையோ தோட்டங்களில் நம்மவர்கள் கிள்ளிய கொழுந்து இது. பால் சேர்க்காமல் கொஞ்சம் கடுப்பமாகப் போடுங்கள். அந்தத் துவர்ப்பு சீஸின் கொழுப்பை நாக்கிலிருந்து கழுவிவிடும். மதுவுக்கு இந்த மேசையில் வேலையே இல்லை.

அடுக்கும் முறை

பத்துப் பேருக்குச் சிற்றுண்டியாக என்றால் சீஸும் பனீரும் சேர்த்து 400 கிராம், இறைச்சி 250 கிராம், கிழங்கு ஒரு கிலோ, பழமும் காயும் சேர்த்து ஒன்றரைக் கிலோ போதும். மரப்பலகை இல்லாவிட்டால் சீர்த் தாம்பாளத்தில் வாழையிலை விரியுங்கள். பச்சை இறைச்சி வெட்டும் பலகையை மட்டும் எடுக்காதீர்கள்.

முதலில் ஈரமானவை: ஊறுகாய், தேன், அச்சார் கிண்ணங்களை மூன்று இடத்தில் வையுங்கள். அடுத்து பெரியவை: சீஸ், பனீர், கிழங்கு. கெட்டி சீஸைச் சின்னத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். முழுக்கட்டியை முதலில் வெட்ட எல்லாருக்கும் தயக்கம். பிறகு காய், பழம். ஸ்ட்ராபெரியைக் காம்போடு ஓடும் நீரில் கழுவி, துடைத்து, கடைசியில் வையுங்கள். முறுக்கும் பிஸ்கட்டும் விருந்தினர் வாசலுக்கு வந்த பிறகுதான். முன்பே வைத்தால் பக்கத்து ஈரத்தில் நமத்துப்போகும். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேர வேலை.

எச்சில் பார்ப்பது நம் நல்ல வழக்கம், அதை விட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கரண்டியோ இடுக்கியோ, ஆளுக்கு ஒரு தட்டு கட்டாயம். கடித்த துண்டு மறுபடி கிண்ணத்துக்குள் போகாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

சீஸ், பனீர், இறைச்சி ஆகியவற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. கம்போங் ராஜாவின் குளிர் கொஞ்சம் கைகொடுக்கும். கோலாலம்பூர் வெயிலில், வெளி முற்றத்தில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். அதனால் பாதியை உள்ளே வைத்து, தீரத் தீர நிரப்புங்கள்.

மாசமாக இருப்பவர்களுக்குக் குளிர்ந்த ஹேமும், பிரீ போன்ற மென்மையான சீஸும் வேண்டாம். லிஸ்டீரியா கிருமியின் ஆபத்து உண்டு. செடார் போன்ற கெட்டி சீஸ், சுடச்சுட வறுத்த உப்புக்கண்டம் சாப்பிடலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குச் செர்ரி தக்காளியை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். முழுக்கடலை, முழுப்பாதாம் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடும் என்பது அதன் கணக்கு. விருந்தில் நாலு துண்டு சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டாம், வாராவாரப் பழக்கமாக்க வேண்டாம். நம் உப்புக்கண்டத்திலும் உப்பு அதிகம் என்பதை இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நினைவில் வையுங்கள்.

இந்தப் பலகையின் பெரிய லாபம் வேறு. நம் வீட்டு விருந்துகளில் அம்மாவோ அண்ணியோ அடுப்படியிலேயே நின்று, "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்பார்கள். அந்த 'அப்புறம்' எல்லாரும் போன பிறகுதான் வரும். பலகை வைத்த வீட்டில் அடுப்பு தேநீருக்கு மட்டும்தான். அதற்கும் ஒரு பிளாஸ்க் போதும். விருந்து வைத்தவரும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசலாம்.

ஆகவே விருந்து தொடங்கி அரை மணி நேரம் கழித்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பலகையில் என்ன மிச்சம் என்று பார்க்க வேண்டாம். யார் தட்டு காலியாக இருக்கிறது, யார் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். அப்படி யாருமே இல்லையென்றால் உங்கள் பலகை நன்றாக அமைந்துவிட்டது.