"போர்மட்" அடிக்கும் தம்பிமாரிடமும் அடிக்கக் கொடுக்கும் நம்மிடமும் சில கேள்விகள்



2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு முடிந்ததிலிருந்து, லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடும் கூட்டம் ஊரில் கூடிவிட்டது. "தம்பி, பதினொன்று அடிச்சுத் தாங்க." அவர்களும் அடித்துக் கொடுக்கிறார்கள். எதைப் போட்டார்கள், எதை அழித்தார்கள் என்று கேட்பவர் இல்லை.

விஷயம் இதுதான். விண்டோஸ் 8 வந்த பிறகு விண்டோஸோடு புதிதாக வாங்கிய லெப்டொப் என்றால், அதன் லைசன்ஸ் கீ அநேகமாக மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அந்தக் காசை வாங்கிய அன்றே கொடுத்துவிட்டோம். 10இலிருந்து 11க்கு மாறுவதும் இலவசம், டிபிஎம் 2.0, பட்டியலில் உள்ள புரொசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் இருந்தால் போதும். முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டாலும், அதே ஹோம் பதிப்பைப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே அக்டிவேட் ஆகும். கீ கேட்டால் "என்னிடம் கீ இல்லை" என்பதை அழுத்திவிட்டுப் போகலாம்.

பல கடைகளில் நடப்பது வேறு. வருகிற எல்லா மெஷினுக்கும் ஒரே பென் ட்ரைவ், அதில் ஒரு புரோ பதிப்பு. ஹோம் லைசன்ஸ் புரோவுக்குச் செல்லாது. ஆகவே அன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஒரு கிரெக் ஓடவிடுகிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலைத் தூக்கி வீசி, கள்ளப் பொருளை வைத்து, அதற்குக் கூலியும் வாங்குகிறார்கள்! அந்த கிரெக்கோடு என்ன சேர்ந்து வந்தது என்பது போட்ட தம்பிக்கே தெரியாது. அதே லெப்டொப்பில்தான் நாம் பேங்க் கணக்கைத் திறக்கிறோம்.

"சேர், ஒரிஜினல் வாங்க எங்களுக்கு எங்க காசு?" என்று கேட்பார்கள். வாங்கச் சொல்லவில்லையே! உங்களிடம் இருப்பதைப் பறிகொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். லைசன்ஸே இல்லாத, பொருத்தி எடுத்த பழைய மெஷின் என்றால் லினக்ஸ் மின்ட் போடலாம், லிப்ரே ஒபிஸும் கூடவே வரும். இரண்டும் இலவசம், ஹலால். பிள்ளையின் பாடசாலை வேலைக்கு அது தாராளம்.

அடுத்தது பைல்கள். உயர்தரப் பிள்ளையின் ப்ராஜெக்ட், மௌத்தான உம்மாவின் போட்டோ எல்லாம் "சி"யில் கிடக்கும். கேட்காமல் அழித்துவிட்டு "பெக்கப் எடுக்கச் சொல்லவில்லையே" என்பது என்ன நியாயம்? கையில் தந்த பொருள் அமானிதம். தராசில் குறைத்தால் ஹராம் என்று தெரிந்த நமக்கு இது மட்டும் ஏன் தொழில் திறமையாகத் தெரிகிறது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் மென்பொருளைப் பாதுகாக்கிறது. அதை விடுங்கள், போலீஸுக்குப் பயந்தா நாம் தொழுகிறோம்?

நேர்மையாகச் செய்யும் தம்பிமாரும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

இன்றிரவே செட்டிங்ஸில் சிஸ்டம், அக்டிவேஷன் போய்ப் பாருங்கள். டிஜிட்டல் லைசன்ஸ் என்றிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. உங்கள் சொந்த லெப்டொப்பில் ஏதோ நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை என்று காட்டினால், போட்டவரிடம் போய்க் கேளுங்கள். திருப்பிப் போடத் தெரியாதவர்கள் 8 ஜிபி பென் ட்ரைவோடு வாருங்கள், பைல்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு. செய்து காட்டுகிறேன், காசு வேண்டாம்.