ஒப்புக்கொண்டால் விடுதலை: யாருக்கு லாபம் இந்தப் பேரம்?

சாதிய வன்முறை நடந்த ஊர்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. சேரியில் அடிவாங்கியவர்கள் கொடுத்த புகாரில் வன்கொடுமை வழக்கு பதிவாகிறது. கையோடு, அடித்தவர்களிடமும் ஒரு புகார் வாங்கி, அடிவாங்கிய இளைஞர்கள் மீதே 'கவுண்டர் கேஸ்' போடப்படுகிறது. சில மாதங்கள் கழித்து ஒருவர் வந்து அன்பாகச் சொல்வார்: "ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும் தம்பி."

அந்த 'முடிஞ்சிடும்' என்பதற்கு 2006 முதல் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அதுதான் பிளீ பார்கெய்னிங், அதாவது தண்டனைப் பேரம். இப்போது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 289 முதல் 300 வரையிலான பிரிவுகளில் உள்ளது. ஏழாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு இது கிடையாது. குற்றச்சாட்டு வனையப்பட்ட 30 நாட்களுக்குள், குற்றம் சாட்டப்பட்டவர்தான் மனு போட வேண்டும். விரும்பித்தான் போட்டாரா என்று நீதிபதி அவரைத் தனியே விசாரிப்பார். பிறகு அரசு வழக்கறிஞர், விசாரணை அதிகாரி, பாதிக்கப்பட்டவர், குற்றம் சாட்டப்பட்டவர் ஆகியோர் கூடிப் பேசி 60 நாட்களுக்குள் முடிவுக்கு வர வேண்டும். முதல்முறை சிக்கியவருக்குச் சட்டம் சொல்லும் தண்டனையில் ஆறில் ஒரு பங்கு வரை குறையலாம். சிறையில் ஏற்கெனவே கழித்த நாட்களும் கழிக்கப்படும்.

காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பேரம் என்றால் இரு தரப்புக்கும் 'வேண்டாம்' என்று எழுந்து போகும் வசதி இருக்க வேண்டும். 2022 சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைவாசிகளில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவரிடம், "ஒப்புக்கொண்டால் இன்றே வெளியே, வழக்கு நடத்தினால் எத்தனை ஆண்டோ" என்று சொன்னால், குற்றமே செய்யாதவரும் எதைத் தேர்ந்தெடுப்பார்? நீதிபதி தனியறையில் கேட்கும்போது "விரும்பித்தான் ஐயா" என்றே சொல்வார். அவரை யாரும் அடிக்கவில்லை. ஜாமீன் கட்ட வழியில்லாத ஏழ்மையே அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அந்தப் பேச்சுவார்த்தையில் அவருடைய வழக்கறிஞர் உடனிருப்பதைக்கூடச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, 'அவர் விரும்பினால்' என்று விட்டுவிட்டது.

வெளியே வந்தபின் அவர் தண்டிக்கப்பட்டவர். காவல் சரிபார்ப்பில், அரசு வேலை விண்ணப்பத்தில் அது எழுந்து நிற்கும். மேல்முறையீடும் கிடையாது, ரிட் மனுவும் உச்ச நீதிமன்றச் சிறப்பு அனுமதி மனுவும் மட்டுமே மிச்சம். பேரத்தில் அவர் சொன்னதை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் தண்டனை பெற்றார் என்ற உண்மையை எந்தப் பிரிவும் மறைக்காது. வன்கொடுமை வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறும்போது அந்தப் பழி அவருடனே ஏறும்.

நமக்குச் சாதகமான ஓர் அம்சமும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள் இந்தப் பேரத்துக்குள் வராது. ஆனால் அந்த விலக்கு சட்டப் பிரிவில் எழுதப்படவில்லை, 2006இல் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் இருக்கிறது. அச்சட்டத்தின் 3(1) பிரிவுக் குற்றங்களுக்கு அதிகபட்சத் தண்டனை ஐந்தாண்டுதான். அறிவிக்கை மாறினால், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியவரும் பேரம் பேச வரலாம்.

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. வன்கொடுமை வழக்குகளுக்கான விலக்கைச் சட்டத்திலேயே எழுதுங்கள். வழக்கறிஞர் இல்லாமல் எந்த மனுவையும் ஏற்காதீர்கள். சிறையில் இருப்பவரின் ஜாமீன் சிக்கலைத் தீர்த்த பிறகே பேரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

அதுவரை உங்கள் தெருவில் யாரிடமாவது "ஒத்துக்கோ" என்று சொல்லப்பட்டால், கையெழுத்துப் போடும் முன் அவரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை.