கதை சொன்ன கோதை

அடுப்படியில் வேலை செய்துகொண்டே கதை சொல்லும் அம்மா உங்கள் வீட்டிலும் இருக்கிறாளா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

1901-ல் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவரல்ல. ஆனால், திருவல்லிக்கேணியில் அண்டை அயல் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் புதிது புதிதாகக் கதை சொல்வாராம். கணவர் பார்த்தசாரதி, "பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று தடுக்கிறவரல்ல, நாடகங்களுக்கு அழைத்துச் சென்று ஊக்கம் கொடுத்தார்.

அப்போது அம்மாளுக்குச் சரளமாக எழுத வராது. 'இந்திர மோகனா' என்ற முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். 1924-ல் அது அச்சேறியது. மறு வருஷமே 'ஜகன்மோகினி' பத்திரிகை அவர் கைக்கு வந்தது. பிறகு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள்! விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோதும் எழுத்தை விடவில்லை.

1956-ல் மகன் ஸ்ரீநிவாசன் இறந்தார். பெற்ற வயிறு அதைத் தாங்குமா? 1960-ல் அம்மாளும் கண் மூடினார்.

அன்று பட்டம்மாள் மட்டும் காகிதமும் பேனாவுமாக உட்காராதிருந்தால்? கேட்ட குழந்தைகள் தூங்கியதும் அந்தக் கதைகளும் தூங்கிப் போயிருக்கும்.

அம்மா போன பிறகு படத்துக்கு மாலை போடுகிறோம். படத்தில் முகம் இருக்கும், கதை இராது. தாலாட்டும் இராது, கைப்பக்குவமும் இராது.

இன்று சாயங்காலம் அவள் சொல்லட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.