எந்த மொழியில் சம்மதம்?

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000இல் நடந்ததை மருத்துவ உலகம் மறந்திருக்கலாம், நாம் மறப்பதற்கில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் உருவாக்கிய மருந்தை, வாய்ப்புற்று நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோருக்குச் செலுத்திப் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் முறையான அனுமதி பெறாமலே சோதனை நடந்ததை 2001 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. மனிதர்கள்மீதான ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்க அந்த ஆய்வாளருக்குத் தடையும் விதித்தது.

கேரள-தமிழக எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமத்தார் புற்றுநோய் என்றால் ஓடுவது அந்த மையத்துக்குத்தான். 1956இல் மாநில எல்லைகள் மாற்றப்பட்டபோது பக்கத்து வட்டமான விளவங்கோடு தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், மருந்துச்சீட்டில் ஆங்கிலம் என்று இங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. இங்கே ஒரு மருந்துச் சோதனை நடந்தால், நோயாளி கையெழுத்திடும் சம்மதப் படிவம் எந்த மொழியில் வரும்?

அதற்காக ஆசிய நாடுகளில் மருந்துச் சோதனை தேவையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வலிப்பு நோய்க்கான கார்பமாசெபின், ஒரு குறிப்பிட்ட மரபணு வகை கொண்ட ஆசியர்களுக்கு உயிர்க்கொல்லியான தோல் எதிர்வினையை உண்டாக்கக்கூடும். வெள்ளையர்களிடம் மட்டும் சோதித்திருந்தால் அது தெரிந்திராது. சோதனை நடக்கட்டும், திருட்டுத்தனம் வேண்டாம்.

நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும், பாதிப்புக்கு இழப்பீடு தர வேண்டும் என்கின்றன இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகள். எல்லையோர மருத்துவமனைகளில் மலையாளப் படிவத்தோடு தமிழ்ப் படிவத்தையும் கட்டாயமாக்க, கேரள அரசு உடனே ஆணையிட வேண்டும்.