இணைத்தல் என்னும் பெயரில் நிகழும் சிதைவு

மொழித் தரவு திரட்டுவோரிடையே ஒரு வழக்கம் கேள்வியின்றி நிலைத்துவிட்டது. அன்றன்று எழுத்தாக்கிய உரையாடலைத் தொலைவிலுள்ள சேவையகத்தின் ஒரே பெருங்கோப்பின் வாலில் ஒட்டிவிடுவார்கள். கர்ல் கருவியில் 'அப்பெண்ட்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும், வேலை முடிந்தது. இதைச் சிக்கனம் என்கிறார்கள். இது பொறுப்பின்மை.

கட்டளையின் மேல் குற்றமில்லை. எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவை 1971இல் எழுதியவர் கான்பூர் ஐஐடியில் பயின்ற அபய் பூஷண். 1985இல் வெளிவந்த ஆர்எஃப்சி 959, இணைக்கும் கட்டளையின் பொருளை ஐயமின்றி வரையறுத்தது: கோப்பு இருந்தால் அதன் முடிவில் சேர்க்க வேண்டும், இல்லையேல் புதிதாக உருவாக்க வேண்டும். கோப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அக்கட்டளை எச்சரிக்காது; புதுக்கோப்பு ஒன்றைத் தொடங்கிவிடும். அதே பகுதி மறுமுறை வந்தால் மறுமுறையும் சேர்க்கும். கருவி சொன்னதைச் செய்கிறது. ஆய்வாளர்தான் சொல்லாததை எதிர்பார்க்கிறார்.

பெங்களூரின் ஸ்ரீராம்புரத்தில் கன்னடம் கலந்த தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்யும் மாணவர் ஒருவரைக் கருதுக. கோப்பு பாதி சென்றதும் இணையத் தொடர்பு அறுகிறது. அவர் அதே கட்டளையை மீண்டும் இயக்குகிறார். பெருங்கோப்பில் முற்பாதி இப்போது இருமுறை இருக்கிறது. கன்னடச் சொற்களின் நிகழ்வெண்ணைக் கணக்கிட்டால், பேசியவர் ஒருமுறை சொன்னது இரண்டாகிறது. மொழிக்கலப்பைப் பற்றிய முடிவைப் பேசியவரின் நா தரவில்லை. அறுந்த தொடர்பு தருகிறது.

தமிழ் எழுத்துக்கு நேர்வது இதனினும் நுட்பமானது. யுடிஎஃப்-8 முறையில் 'டி' என்பது ஆறு பைட்டுகள்: மெய்யெழுத்துக்குரிய குறி மூன்று, இகரக் குறி மூன்று. சரியாக நடுவில் அறுந்தால் 'படி' என்பது 'பட' ஆகிவிடும். பிழைச்செய்தி வராது, கட்டமும் கேள்விக்குறியும் திரையில் தோன்றா. இலக்கணத்துக்கு உட்பட்ட வேறொரு சொல் அங்கே அமைதியாக அமர்ந்திருக்கும். எந்த மெய்ப்புத் திருத்துநர் அதைக் கண்டுபிடிப்பார்?

மேலும், சில எஸ்எஃப்டிபி சேவையகங்கள் இணைக்கும் விருப்பத்தைப் பொருட்படுத்துவதில்லை என்று கர்லின் கையேடே எச்சரிக்கிறது. அத்தகைய இடத்தில் புதியது பழையதன் மேல் எழுதப்படலாம். கையேட்டைப் படிக்காதவர் அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்பார்.

கோப்புகள் பெருகிவிடும் என்பதே இவ்வழக்கத்தை ஆதரிப்போரின் வாதம். பெருகட்டும். தனிக்கோப்புகளிலிருந்து பெருங்கோப்பை எப்போது வேண்டுமானாலும் ஒரே வரியில் உண்டாக்கலாம். சிதைந்த பெருங்கோப்பிலிருந்து தனிக்கோப்புகளை மீட்க இயலாது. ஒவ்வோர் அமர்வுக்கும் தேதியும் பேச்சாளர் எண்ணும் கொண்ட தனிக்கோப்பு இருக்க வேண்டும். தற்காலிகப் பெயரில் அனுப்பி, இரு முனைகளிலும் ஷா-256 கூட்டெண்ணை ஒப்பிட்ட பின்னரே உரிய பெயரைச் சூட்ட வேண்டும். பாதியில் நின்றதைத் தொடர்வதற்கு வேறு விருப்பம் உண்டு. தொடர்தலும் இணைத்தலும் ஒன்றல்ல.

தரவைக் காப்பது எழுத்தர் வேலை, கோட்பாடே ஆய்வு என்ற மேட்டிமைதான் இங்கே உண்மையான நோய். ஸ்ரீராம்புரத்து மூதாட்டி ஒருவரின் பேச்சு ஒருமுறையே கிடைக்கும். அவர் மறைந்தபின் எந்தக் கோட்பாடும் அதை மீண்டும் பேசவைக்காது.